மலைக்கு விருந்தினராய்

நுழையும்முன்

மலையேறுவோர் பலர், மலையில் தங்கத் தெரிந்தோர் சிலர். விருந்தோம்பல் வீட்டாருக்கு உரிய பண்பு எனில், விருந்தினருக்கு உரிய ஒழுக்கமும் ஒன்று உண்டன்றோ? கோடை விடுமுறையில் கணியம்பாடி மாணவர் ஐவர் தம் தமிழாசிரியருடன் ஜவ்வாது மலையில் தங்கி, அவ்வொழுக்கத்தைக் கற்றுவந்த பட்டறிவை அவர்களுள் ஒருவரின் சொற்களில் இப்பாடம் எடுத்துரைக்கிறது.

வெயிலிலிருந்து மலைக்கு

மே மாதத்து வேலூர் வெயிலை அறியாதவர் இலர். கத்திரி வெயில் தொடங்கியதும் கணியம்பாடித் தெருக்கள் நண்பகலில் ஆளரவமற்றுப் போகும். அத்தகைய நாளொன்றில் நண்பர் ஐவரும் ஆசிரியரும் கண்ணமங்கலம், போளூர் வழியாக ஜமுனாமரத்தூருக்குப் பேருந்தில் புறப்பட்டோம். கொண்டையூசி வளைவுகளில் பேருந்து ஏற ஏறக் காற்றின் வெம்மை தணிந்தது. ஒவ்வோர் 1000 மீட்டர் உயரத்திற்கும் வெப்பநிலை ஏறத்தாழ 6.5 டிகிரி செல்சியஸ் குறையும் என்று புவியியல் பாடத்தில் படித்ததை அன்று எங்கள் உடல் உணர்ந்தது.

காப்புக்காட்டினுள் இசைவின்றித் தங்குதல் குற்றமாகும். எனவே ஆசிரியர் தமக்கு அறிமுகமான மலைவாழ் உழவர் ஒருவரின் களத்துமேட்டில் கூடாரம் அமைக்க முன்னரே ஒப்புதல் பெற்றிருந்தார். அவ்வீட்டார் சாமைச் சோறும் கொள்ளுக் குழம்பும் படைத்து எங்களை வரவேற்றனர்.

பழந்தமிழ் வழிகாட்டி

உண்டு முடித்ததும் ஆசிரியர், "இம்மலைநாட்டில் வழிநடப்போருக்கு ஈராயிரம் ஆண்டுகளுக்கு அணித்தாகவே வழிகாட்டி நூலொன்று எழுந்துள்ளது, தெரியுமா?" என்று வினவினார். நாங்கள் வியந்தோம். பத்துப்பாட்டுள் ஒன்றான மலைபடுகடாத்தையே அவர் குறிப்பிட்டார். ஜவ்வாது மலையின் தென்புறத்தே உள்ள செங்கத்தை ஆண்ட நன்னனிடம் பரிசில் பெறச் செல்லும் கூத்தருக்கு, வழியின் இயல்பைப் பெருங்கௌசிகனார் அந்நூலில் உரைக்கிறார். பன்றிக்கு வைத்த பொறிகள் எங்கிருக்கும், வழுக்கும் பாறையை எவ்வாறு கடப்பது, இரவில் எங்குத் தங்குவது என்றெல்லாம் அது எச்சரிக்கிறது. வழியில் உள்ள குடியினர் உணவளித்துப் பேணுவர் என்றும் கூறுகிறது. மலை ஊட்டும், ஆயினும் மலையில் விழிப்போடு நடக்க வேண்டும் என்பதே அதன் உட்பொருள்.

மூட்டப்படாத நெருப்பு

பொழுது சாய்ந்தது. எங்களுள் ஒருவன் களத்துமேட்டின் ஓரத்தில் சுள்ளிகளைக் குவித்தான். நெருப்பைச் சுற்றி அமர்ந்து பாடவேண்டும் என்பது அவனது நெடுநாள் விருப்பம். தீக்குச்சியை உரசும் வேளையில் வீட்டுப் பெரியவர் வந்து நின்றார்.

"தம்பி, காற்று எந்தப் பக்கம் வீசுகிறது, பார்த்தாயா?"

அவன் விழித்தான். களத்துமேட்டுக்கு அப்பால் காய்ந்த புல் சரிவெங்கும் மண்டியிருந்தது. காற்று அத்திசை நோக்கியே வீசியது. "கோடையில் எங்கள் அடுப்பு வீட்டுக்குள்தான் எரியும்" என்று மட்டும் சொல்லிவிட்டு அவர் திரும்பிச் சென்றார்.

ஆசிரியர் விளக்கினார்: "சமநிலத்தைவிடச் சரிவில் தீ மேல்நோக்கி விரைந்து பரவும். கீழே எரியும் சுடரின் வெம்மை மேலேயுள்ள புல்லை முன்கூட்டியே உலர்த்திவிடுவதே அதற்குக் காரணம். மேல்நோக்கி ஓடுபவரைத் தீ எளிதில் எட்டிவிடும். 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணி மலையில் காட்டுத்தீயில் சிக்கி, மலையேறச் சென்ற இருபதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். அவர்களும் உங்களைப் போல் நண்பர்களோடு மகிழ்ச்சியாகச் சென்றவர்களே."

எவரும் பேசவில்லை. சுள்ளிகளைக் குவித்தவனே அவற்றை அள்ளிச்சென்று அவ்வீட்டு அடுப்படியில் அடுக்கிவைத்தான்.

இருளின் கொடை

நெருப்பில்லாத அவ்விரவு எங்களுக்கு வேறொன்றைத் தந்தது. கைப்பேசி விளக்குகளையும் அணைத்துவிட்டுப் படுத்தோம். கண்கள் இருளுக்குப் பழகச் சிறிது நேரம் ஆயிற்று. அதன்பின் வானெங்கும் விண்மீன்கள் தெளிந்தன. கணியம்பாடியில் நாங்கள் ஒருநாளும் கண்டிராத வானம் அது.

இவ்விருளை நாடியே அறிவியலும் இம்மலைக்கு வந்தது. ஜவ்வாது மலையின் காவலூரில் இந்திய வானியற்பியல் நிறுவனத்தின் வைணு பாப்பு வானாய்வகம் அமைந்துள்ளது. அங்குள்ள 2.34 மீட்டர் விட்டமுள்ள தொலைநோக்கி 1986இல் பயன்பாட்டிற்கு வந்தது. ஊர் விளக்குகளின் ஒளி வானில் படர்ந்தால் மங்கலான விண்மீன்கள் மறைந்துவிடும். ஆதலின் இருளும் காக்கப்பட வேண்டிய செல்வமே.

> தெரியுமா?
> 1988 பிப்ரவரி 17 அன்று காவலூரில் கண்டறியப்பட்ட சிறுகோளுக்குக் கணிதமேதை இராமானுசனின் பெயர் சூட்டப்பட்டுள்ளது.

ஊற்றும் ஆறும்

மறுநாள் காலை, உண்ட தட்டுகளை எடுத்துக்கொண்டு ஓடைக்குச் சென்றோம். நீரில் சவர்க்காரத்தைக் கரைக்க முற்பட்டபோது, குடத்துடன் வந்த பாட்டி தடுத்தார். "கீழே இருப்பவர்களும் இதைத்தான் குடிக்கிறார்கள், ஐயா" என்றார். நீரை வாளியில் முகந்து, ஓடைக்குத் தொலைவில் சாம்பலிட்டுத் தட்டுகளைத் துலக்கினோம்.

கீழே இருப்பவர் யார்? அவ்வினா எங்களைத் தொடர்ந்தது. செய்யாறு இம்மலையில் தோன்றிப் பாலாற்றோடு கலக்கிறது. எங்கள் பகுதியில் பாயும் நாகநதியும் இம்மலையின் மகளே. வறண்டுகிடந்த அந்நதியை மீட்க, நூறுநாள் வேலைத் திட்டத்தின்கீழ் ஊரகப் பெண்கள் உறைகிணறுகள் தோண்டியும் கல்தடுப்புகள் அமைத்தும் மழைநீரை நிலத்துள் இறக்கினர். ஆக, கீழே இருப்பவர் நாங்களேதாம்!

அப்போது எங்களுள் ஒருவன் மெல்லக் கூறினான்: "என் அம்மா ஆம்பூரில் காலணித் தொழிற்சாலையில் வேலை செய்கிறார். அந்த வருவாயில்தான் நான் படிக்கிறேன். ஆனால் பாலாறு கெட்டதற்குத் தோல் தொழிலே காரணம் என்கிறார்களே?"

ஆசிரியர் அவன் தோளில் கைவைத்தார். "கடுக்காயும் ஆவாரம் பட்டையும் கொண்டு தோல் பதனிட்ட காலம் ஒன்று இருந்தது. பின்னர்க் குரோமிய உப்புகள் வந்தன. பதனிடும் ஆலைகளின் கழிவுநீர் சுத்திகரிக்கப்படாமல் நிலத்திலும் ஆற்றிலும் சேர்ந்தது. 1996 ஆகஸ்டு 28 அன்று உச்சநீதிமன்றம், மாசுபடுத்தியவரே அதற்குரிய விலையைத் தரவேண்டும் என்று தீர்ப்பளித்தது. தொழிலை மூடுவது நம் விருப்பமன்று. ஆற்றைக் கெடுக்காமல் அதை நடத்துவதே நம் கடமை. உன் அம்மாவின் உழைப்பில் குற்றமில்லை. அவருடைய குடிநீரும் தூய்மையாக இருக்க வேண்டும் என்று கேட்பதிலும் குற்றமில்லை."

விடைபெறல்

இரண்டாம் இரவும் கழிந்தது. கூடாரத்தைப் பிரித்தபின் களத்துமேட்டை ஒருமுறை சுற்றிவந்தோம். நெகிழி உறைகளையும் புட்டிகளையும் பைகளில் இட்டுக்கொண்டோம். கூடாரம் இருந்த இடத்தில் புல் சற்றே படிந்திருந்தது, அதுவும் நிமிர்ந்துவிடும்.

பெரியவர் பேருந்து நிறுத்தம்வரை உடன்வந்தார். சுள்ளிகளைக் குவித்தவனிடம், "மழை பெய்தபின் வா, தம்பி. அப்போது நானே நெருப்பு மூட்டித் தருகிறேன்" என்றார். மலை மீண்டும் அழைக்கும் விருந்தினராய் நாங்கள் இறங்கினோம்.

கற்பவை கற்றபின்

உங்கள் ஊரில் பாயும் ஆறு அல்லது ஓடை எங்குத் தோன்றுகிறது, எதனுடன் கலக்கிறது என்பதை அறிந்து வழிப்படம் வரைக.

குறுவினா
1. சரிவில் தீ மேல்நோக்கி விரைந்து பரவக் காரணம் யாது?
2. "கீழே இருப்பவர் நாங்களேதாம்" – இடஞ்சுட்டி விளக்குக.

சிறுவினா
இருளும் காக்கப்பட வேண்டிய செல்வம் என்பதை நிறுவுக.

நெடுவினா
தொழில் வளர்ச்சி, நீர்வளம் இரண்டையும் ஒருங்கே பேணும் வழிகளைப் பாடப்பகுதி கொண்டு ஆராய்க.