நமக்கென ஒரு வழங்கி

வாடகை வீட்டுச் சுவரில் ஆணி அடிப்பதற்கும் உரிமையாளரைக் கேட்க வேண்டும். இணையத்தில் நாம் இலவசமாகப் பெறும் இடமும் அத்தகையதே. 2019 ஏப்ரலில் கூகுள் பிளஸ் சேவை மூடப்பட்டபோது, படியெடுத்து வைக்காதோர் தம் பதிவுகளை இழந்தனர்.

ஊர்விட்டு வந்த இருபது குடும்பங்கள் தம் பொங்கல் விழாப் படங்களையும் தாத்தா பாட்டியரின் குரற்பதிவுகளையும் காக்க விரும்பினால், சொந்தமாக வழங்கி ஒன்றை அமைக்கலாம்.

தொடங்குவோர்க்கு ஏற்றவற்றுள் ஒன்று யூனோஹோஸ்ட். இது டெபியன் இயங்குதளத்தின்மேல் அமைந்த கட்டற்ற மென்பொருள். ராஸ்பெரி பை என்னும் சிறு கணினியிலும் இயங்கும். உலாவியின் வழியே உறுப்பினர்களைச் சேர்க்கலாம், கோப்புகளைப் பகிர உதவும் நெக்ஸ்ட்கிளவுட்டை நிறுவலாம், காப்புப்படி எடுக்கலாம். அப்படியை அதே கணினியில் மட்டும் வைத்தல் கூடாது. வேறொரு வீட்டிலும் வைத்தல் வேண்டும்.

சொந்த வீட்டின் கூரையை நாமே வேய வேண்டும். மின்சாரம், புதுப்பித்தல், பாதுகாப்பு அனைத்தும் நம் பொறுப்பே. ஆகவே, வசதிகளை மட்டும் எண்ணித் தேர்ந்தெடுக்காதீர்கள். அமைத்தவர் பணிமாற்றம் பெற்றுச் சென்றபின் மற்றொருவரால் அதனை நடத்த இயலுமா? இதுவே முதல் வினா.

அருஞ்சொற்பொருள்
வழங்கி – பிற கணினிகளுக்குக் கோப்புகளைத் தரும் கணினி
கட்டற்ற மென்பொருள் – எவரும் பயன்படுத்தவும் திருத்தவும் பகிரவும் உரிமையுள்ள மென்பொருள்
காப்புப்படி – இழப்பு நேராதிருக்க எடுத்து வைக்கும் நகல்

வினாக்கள்
1. இணையத்தில் பெறும் இலவச இடம் எதனோடு ஒப்பிடப்படுகிறது? ஏன்?
2. காப்புப்படியை வேறொரு வீட்டிலும் வைப்பது ஏன்?
3. உங்கள் குடும்பம் காக்க விரும்பும் மூன்று பதிவுகளை எழுதுக.