மருத்துவமனையும் நம்பிக்கையும்

பசுவந்தனை, கோவில்பட்டியைச் சார்ந்த கரிசல் நிலத்து ஊர். இங்கு வானம் பார்த்த பூமியே மிகுதி. ஆயினும் கிணற்று நீரைக்கொண்டு தோட்டப்பயிர் செய்வாரும் உளர். என் இளமைப் பருவத்தில் அக்கிணறுகளிற் கமலை இறைப்பு நடைபெற்றது. எருதுகள் சரிவில் இறங்குங்கால் அவற்றை ஓட்டுபவர் வடத்தின்மேல் அமர்ந்து செல்வார். நீர் நிறைந்த கூனையும் அவ்வடத்திலேயே தொங்கும். வடம் அறுந்தால் உயிருக்கே இடையூறு நேரும். ஆதலின், எங்கள் அண்டை வீட்டு முதியவர் ஒருவர் நாள்தோறும் விடியலில் வடம் முழுவதையும் கையால் தடவிப் பார்ப்பார். நைந்த இழை தட்டுப்படின் அதனைச் சீர்செய்யாமல் எருதைப் பூட்டமாட்டார். "தாத்தா, வடத்தின்மேல் நம்பிக்கை இல்லையா?" என்று ஒருநாள் கேட்டேன். "தடவிப் பார்த்ததனாலேதான் நம்பி உட்காருகிறேன், தம்பி" என்றார் அவர்.

மாணவர்களே! அம்முதியவர் மொழி சிறிது. அதன் பொருளோ பெரிது. நோயுற்றார் மருத்துவமனையை நம்பலாமா, அங்குப் பிழை நேராதா என்னும் வினாவுக்கு அம்மொழியிலேயே விடை அடங்கியிருக்கிறது.

பிழைக்கு அஞ்சி மருத்துவமனையை விட்டு விலகுதல் அறிவுடைமை ஆகாது. எட்டயபுரத்தை அடுத்த வடமலாபுரத்தில் 1918-ஆம் ஆண்டு பிறந்தவர் டாக்டர் கோ. வெங்கடசாமி. அவர் தம் இளமையில் உறவினருள் மூன்று பெண்டிரைப் பேறுகாலத் துன்பத்துக்குப் பறிகொடுத்தார். அந்நாளில் ஊரில் மருத்துவர் இல்லை. அத்துயரமே அவரை மருத்துவம் பயிலத் தூண்டியது. முடக்குவாதத்தால் விரல்கள் கோணியபோதும் அவர் தளராது கண் மருத்துவம் கற்று, 1976-ஆம் ஆண்டு மதுரையில் 11 படுக்கைகளுடன் அரவிந்த் கண் மருத்துவமனையைத் தோற்றுவித்தார். மருத்துவமனை இல்லாத ஊரின் துன்பத்தை அவர் வரலாறு நமக்கு நன்கு உணர்த்துகின்றது.

எனினும், மருத்துவமனையில் பணி செய்வோரும் மனிதரே. அவர்களும் பிழை செய்வர். இவ்வுண்மையை நம் அண்டை ஊர் நிகழ்ச்சி ஒன்று கண்ணீரோடு காட்டியது.

2018-ஆம் ஆண்டு திசம்பர் மாதம் 3-ஆம் நாள், சாத்தூர் அரசு மருத்துவமனையில் கருவுற்றிருந்த பெண்மணி ஒருவருக்கு இரத்தசோகை நீங்கும் பொருட்டு இரத்தம் ஏற்றினர். அவ்விரத்தம் சிவகாசி அரசு மருத்துவமனை இரத்த வங்கியிலிருந்து வந்தது. அதனைக் கொடுத்தவர் ஓர் இளைஞர். உறவினர் ஒருவருக்கு உதவும் நல்லெண்ணத்துடன் நவம்பர் 30-ஆம் நாள் அவர் குருதிக்கொடை அளித்திருந்தார். தம் உடலில் எச்.ஐ.வி. கிருமி இருப்பதை அவர் அறியார். 2016-ஆம் ஆண்டில் அவர் அளித்த குருதியை ஆய்ந்தபோதே அக்கிருமி தென்பட்டிருந்தது. ஆயினும் அச்செய்தி அவரைச் சென்று சேரவில்லை. இரண்டாம் முறை அளித்த குருதியோ தூயதென்று தவறாகக் கொள்ளப்பட்டது.

இப்பிழை எங்ஙனம் வெளிப்பட்டது? வெளிநாட்டு வேலைக்காக உடற்சோதனை செய்துகொண்டபோதுதான் அவ்விளைஞர் தம் நிலையை அறிந்தார். அறிந்ததும் அவர் ஒளிந்துகொள்ளவில்லை. தம் குருதி யாருக்கேனும் சென்றிருக்குமே என்று அஞ்சி, இரத்த வங்கிக்கு விரைந்து உண்மையை உரைத்தார். அதற்குள் குருதி ஏற்றப்பட்டுவிட்டது. அவர் செய்த குற்றம் யாதும் இல்லை. ஆயினும் மனமுடைந்த அவர் அத்திசம்பர் மாத இறுதிக்குள் தம் உயிரை மாய்த்துக்கொண்டார். எச்.ஐ.வி. உற்றாரும் முறையாக மருந்துண்டு நெடுங்காலம் நலமுடன் வாழலாம் என்பதை அவருக்கு உணர்த்தி, அருகிருந்து தேற்றியிருக்க வேண்டும் அன்றோ? அப்பெண்மணி 2019-ஆம் ஆண்டு சனவரியில் மதுரை அரசு மருத்துவமனையில் பெண் மகவை ஈன்றார். உரிய மருந்துகளின் உதவியால் குழந்தை தொற்றின்றித் தப்பியது. அதே ஆண்டில் உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை, அவருக்கு 25 லட்சம் ரூபாய் இழப்பீடு வழங்குமாறு அரசுக்கு ஆணையிட்டது. எனினும், இழந்த உடல்நலத்தைப் பொருளால் மீட்க இயலுமோ?

கொடையாகப் பெறும் குருதியை எச்.ஐ.வி., கல்லீரலைத் தாக்கும் பி, சி வகைக் கிருமிகள், மேகநோய், மலேரியா ஆகிய ஐந்துக்கும் ஆய்தல் வேண்டும் என்பது நம் நாட்டு விதி. தொற்றிய தொடக்க நாட்களில் கிருமி ஆய்வில் புலப்படாமல் இருத்தலும் உண்டு. சாத்தூர் நிகழ்ச்சிக்கோ அக்காரணம் பொருந்தாது. அத்தொற்று ஈராண்டுக்கு முற்பட்டது. விதி இருந்தது, கருவி இருந்தது, பழைய பதிவும் இருந்தது. ஒன்றை மற்றொன்றோடு ஒப்பிட்டுச் சரிபார்க்கும் செயலே இல்லாது போயிற்று.

நோயாளி, மருத்துவன், மருந்து, அருகிருந்து மருந்தளிப்பவன் என மருத்துவத்துக்கு நான்கு உறுப்புக்கள் உண்டு என்று திருக்குறள் கூறும். இந்நான்கும் தனித்தனியே சிறந்து விளங்கினும், ஒன்றோடொன்று இணையும் இடத்திலேதான் இழை நைகின்றது. ஒரே கூடத்தில் சண்முகத்தாய் என்னும் பெயருடையார் இருவர் படுத்திருக்கலாம். மருந்துகளின் பெயர்களும் ஒன்றுபோல் ஒலிக்கலாம். இரவுப் பணிக்கு வரும் செவிலியிடம் பகற்பணி முடித்தவர் ஒரு செய்தியைச் சொல்ல மறக்கலாம். செல்வ நாடுகளும் இதற்கு விலக்கல்ல. மருத்துவமனைப் பிழைகளால் ஆண்டுதோறும் 44,000 முதல் 98,000 பேர் வரை இறக்கின்றனர் என்று அமெரிக்க அறிஞர் குழு ஒன்று 1999-ஆம் ஆண்டு கணித்துரைத்தது.

இதற்குத் தீர்வு யாது? 1847-ஆம் ஆண்டில் வியன்னா நகர மருத்துவமனையில் மகப்பேற்றுக் காய்ச்சலால் தாய்மார் பலர் மாண்டனர். பிணங்களை அறுத்து ஆய்ந்த கைகளோடு மருத்துவர்கள் பேறு பார்ப்பதே காரணமென உணர்ந்த செம்மல்வைசு என்னும் மருத்துவர், குளோரின் கலந்த நீரில் கை கழுவுமாறு பணித்தார். இறப்பு வெகுவாகக் குறைந்தது. ஆயினும், "எம் கையா தூயதன்று?" என்று சினந்த மருத்துவர் பலர் அவர் சொல்லை ஏற்கவில்லை. தம் பிழையை ஒப்புக்கொள்ள மறுக்கும் செருக்கும் ஒரு நோயே.

2008-ஆம் ஆண்டு உலகச் சுகாதார நிறுவனம் அறுவை மருத்துவத்துக்கு 19 வினாக்கள் கொண்ட சரிபார்ப்புப் பட்டியல் ஒன்றை வெளியிட்டது. நோயாளியின் பெயர் யாது? அறுக்க வேண்டிய இடம் எது? ஒவ்வாத மருந்து உண்டா? இறுதியில் துணியும் ஊசியும் எண்ணப்பட்டனவா? இவற்றை வாய்விட்டுக் கேட்டு உறுதி செய்தல் வேண்டும். புதுதில்லி உட்பட எட்டு நகரங்களில் இதனைக் கையாண்டு பார்த்தபோது, நூற்றுக்கு 1.5 ஆக இருந்த இறப்பு 0.8 ஆகக் குறைந்தது. புதிய மருந்து ஒன்றும் இல்லை; விலையுயர்ந்த கருவியும் இல்லை. வடத்தைத் தடவிப் பார்க்கும் பழக்கமே அவ்வுயிர்களைக் காத்தது.

நோயாளிக்கும் அவர்தம் உறவினர்க்கும் கடமை உண்டு. உண்டுவரும் மருந்துகளையும் ஒவ்வாத மருந்துகளையும் மறையாமல் உரைத்தல் வேண்டும். பழைய மருந்துச் சீட்டுக்களைப் பேணி வைத்தல் வேண்டும். ஊசியோ குருதியோ ஏற்றுமுன், "இஃது எதற்கு? என் பெயரோடு ஒப்பிட்டுப் பார்த்தீர்களா?" என்று பணிவுடன் வினவலாம். எழுத்தறியா முதியோர் பலர் வாழும் நம் சிற்றூர்களில், அவர்களோடு உடன்சென்று இவ்வாறு வினவுதல் கற்ற இளைஞராகிய உங்கள் கடமையாகும். வினவுதல் மருத்துவரை அவமதித்தல் அன்று. நல்ல மருத்துவர் அதனை விரும்பி ஏற்பர்.

மருத்துவமனையின் கடமையோ இதனினும் பெரிது. பிழை நேர்ந்தால் அதனை மறையாது உரைத்தல் வேண்டும். அஃது எங்ஙனம் நேர்ந்தது என்று ஆராய்ந்து, மீண்டும் நேராதபடி வழிவகுத்தல் வேண்டும். உண்மை உரைத்த கடைநிலைப் பணியாளரையும் போற்றுதல் வேண்டும். மறைத்த பிழை மற்றொரு நோயாளிக்காகக் காத்திருக்கும்.

ஆகவே, மருத்துவமனையை நம்பலாமா என்று கேட்பாருக்கு, "சரிபார்க்கும் மருத்துவமனையை நம்புக, சரிபார்க்குமாறு கேட்டு நம்புக" என்று விடை கூறுவோம். தம் நலம் கருதாது ஓடிவந்து உண்மை உரைத்தாரே அவ்விளைஞர், அவர் நைந்த இழையைச் சுட்டிக்காட்டியவர். அதனை மறவாது, ஒவ்வொரு நாளும் வடத்தைத் தடவிப் பார்க்கும் கைகள் பெருகுமாயின், நோயுற்றார் அச்சமின்றி அதன்மேல் அமரலாம்.