தண்ணீரைச் சிக்கனமாகச் செலவிடும் பருப்புக்கீரை

தினமும் தண்ணீர் ஊற்றியும் தொட்டியிலுள்ள பருப்புக்கீரை வாடுகிறதா? அதற்குத் தாகமாக இருக்காது, வேர் அழுகியிருக்கலாம்.

இச்செடி தன் தடித்த இலையிலும் தண்டிலும் நீரைச் சேமிக்கிறது. ஈரம் போதுமானபோது சோளத்தைப்போல ‘சி4’ முறையில் ஒளிச்சேர்க்கை செய்கிறது. மண் காய்ந்தால் அன்னாசியின் ‘கேம்’ முறையையும் சேர்த்துக்கொள்கிறது. அதாவது, இரவில் கரியமில வாயுவை மாலிக் அமிலமாகச் சேமித்து, பகலில் பயன்படுத்துகிறது. இதனால் இலைவழி நீரிழப்பு குறைகிறது. இவ்விரு முறைகளும் ஒரே உயிரணுவில் இணைந்து இயங்குவதை யேல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2022இல் வெளியிட்டனர்.

வளர்ப்பது எப்படி?
• நேரடி வெயில் படும் இடத்தில் வையுங்கள்.
• அடியில் துளையுள்ள தொட்டியில் மணல் கலந்த மண்ணை நிரப்புங்கள்.
• மண்ணில் விரலை விட்டுப் பாருங்கள். காய்ந்திருந்தால் மட்டும் நீர் ஊற்றுங்கள்.
• தட்டில் தேங்கும் நீரைக் கொட்டிவிடுங்கள். ஏடிஸ் கொசு அதில் முட்டையிடும்.

செய்து பாருங்கள்: இரண்டு தொட்டிகளில் ஒன்றுக்கு மட்டும் ஒரு வாரம் நீர் ஊற்றாதீர்கள். பிறகு இரண்டிலிருந்தும் அதிகாலையிலும் மாலையிலும் இலை பறித்து நசுக்கி, சாற்றைப் பிஎச் தாளில் சோதியுங்கள். எந்த இலையில், எந்த நேரத்தில் அமிலம் அதிகம்? ஏன்?