பச்சைப் பட்டையைக் கவனியுங்கள்! மாரோவிண்ட் விளையாட்டில் தெம்பைச் சேமிக்கும் வழி

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்களில் பலர் கார் ரேஸ், துப்பாக்கிச் சண்டை போன்றவற்றில் சலிப்பு தட்டியவுடன் ரோல் பிளேயிங் கேம் பக்கம் திரும்புகிறார்கள். ஆர்.பி.ஜி. எனச் சுருக்கமாக அழைக்கப்படும் இந்த வகை விளையாட்டில் நீங்களே ஒரு பாத்திரத்தை உருவாக்கி, அதை ஊர் ஊராக நடத்திச் சென்று, சண்டையிட்டு, பேரம் பேசி, மெல்ல மெல்ல வலுவாக்க வேண்டும். இவற்றில் பெயர் பெற்ற ஒன்று, பெத்தெஸ்டா நிறுவனம் 2002ஆம் ஆண்டு மே மாதம் வெளியிட்ட 'தி எல்டர் ஸ்க்ரோல்ஸ் 3: மாரோவிண்ட்'. வெளியான நாளில் இதற்கு 500 மெகா ஹெர்ட்ஸ் ப்ராசசரும் 32 எம்.பி. கிராபிக்ஸ் கார்டும் தேவைப்பட்டன. இன்று விலை குறைந்த கம்ப்யூட்டரில்கூட தாராளமாக ஓடும். ஸ்டீம், ஜி.ஓ.ஜி. ஆகிய தளங்களில் வாங்கலாம்.

ஆனால், வாங்கிய முதல் நாளிலேயே பலர் இதை மூடி வைத்துவிடுகிறார்கள். காரணம் ஒன்றுதான். எதிரே நிற்கும் நண்டை நோக்கி வாளை வீசினால் அடி படுவதில்லை. திரையில் வாள் நண்டின் உடலுக்குள் புகுந்து வெளியே வருகிறது; நண்டுக்கோ ஒன்றும் ஆவதில்லை. மவுஸ் கெட்டுப் போய்விட்டதோ, கிராபிக்ஸ் கார்டு சரியில்லையோ என்று சந்தேகம் வந்துவிடும். கடைக்காரரிடம் மவுஸைத் தூக்கிக்கொண்டு போகும் முன், திரையின் இடது கீழ் மூலையைப் பாருங்கள்.

மூன்று பட்டைகள்

அங்கே சிவப்பு, நீலம், பச்சை என மூன்று பட்டைகள் இருக்கும். சிவப்பு உயிர். நீலம் மந்திர சக்தி. இந்த இரண்டும் எல்லோருக்கும் எளிதில் புரிந்துவிடும். பச்சைப் பட்டைக்கு விளையாட்டில் ஃபட்டீக் என்று பெயர். நாம் தெம்பு என்று வைத்துக்கொள்வோம். ஓடினால் குறையும், நின்றால் ஏறும் என்பதால், இது ஓட்டத்திற்கு மட்டும் உரியது என்று புதியவர்கள் நினைத்துவிடுகிறார்கள். 2011இல் வந்த 'ஸ்கைரிம்' விளையாட்டை முதலில் ஆடிவிட்டு இதற்கு வருபவர்கள் இன்னும் அதிகமாக ஏமாறுவார்கள். அதில் பச்சைப் பட்டை காலியானாலும் சாதாரண வீச்சு பட்டுக்கொண்டேதான் இருக்கும்.

மாரோவிண்டில் கதை வேறு. இங்கே நீங்கள் வாளை வீசும் ஒவ்வொரு முறையும், அடி படுமா படாதா என்று கம்ப்யூட்டர் பகடை உருட்டுகிறது. அந்தக் கணக்கு இதுதான்: உங்கள் ஆயுதத் திறமை, அத்துடன் சுறுசுறுப்பில் ஐந்தில் ஒரு பங்கு, அதிர்ஷ்டத்தில் பத்தில் ஒரு பங்கு. வரும் தொகையைத் தெம்பு எண்ணால் பெருக்க வேண்டும். பட்டை முழுதாக இருந்தால் அந்த எண் 1.25, பாதியானால் 1, காலியானால் 0.75.

ஓர் எடுத்துக்காட்டு பார்ப்போம். வாள் திறமை 30, சுறுசுறுப்பு 40, அதிர்ஷ்டம் 40 என்று வைத்துக்கொள்வோம். 30, 8, 4 சேர்த்தால் 42. பட்டை முழுதாக இருக்கும்போது இது 52.5 சதவீதம் ஆகிறது. காலியாக இருக்கும்போது 31.5 சதவீதம்தான். எதிரி விலகிக்கொள்ளும் திறனை இதிலிருந்து இன்னும் கழிக்க வேண்டும். அதாவது, ஓடி வந்து மூச்சிரைக்க வாளை வீசினால் மூன்றில் ஒன்று பட்டாலே அதிசயம். திறமையே இல்லாத ஆயுதம் என்றால் நிலைமை இன்னும் மோசம். தொடக்கத்தில் அலுவலக மேஜையில் கிடக்கும் குறுவாளை எடுத்துக்கொண்டு, நீள்வாள் பழகிய பாத்திரத்தோடு சண்டைக்குப் போகாதீர்கள்.

இந்தப் பெருக்கல் வாளோடு நிற்பதில்லை. மந்திரம் பலிப்பது, பூட்டைத் திறப்பது, கவசத்தைச் செப்பனிடுவது, கடைக்காரரிடம் விலை பேசுவது, ஒருவரைப் பேசிச் சம்மதிக்க வைப்பது எல்லாவற்றையும் இது பாதிக்கிறது. மந்திரம் தவறினாலும் நீலப் பட்டை குறைந்துவிடும் என்பதால், களைத்திருக்கும் மந்திரவாதிக்கு இரட்டை நஷ்டம். கடைக்குள் ஓடிப் போய் உடனே பொருளை விற்காமல், சற்று நின்று விற்றுப் பாருங்கள்.

எங்கே செலவாகிறது?

வலிமை, மன உறுதி, சுறுசுறுப்பு, தாக்குப்பிடிக்கும் திறன் ஆகிய நான்கையும் கூட்டினால் வருவதே உங்கள் முழுத் தெம்பு. நான்கும் 40 என்றால் 160. நிற்கும்போதும் நடக்கும்போதும் வினாடிக்கு 2.5 புள்ளியும், தாக்குப்பிடிக்கும் திறனில் நூற்றுக்கு 2 பங்கும் சேர்ந்து திரும்பக் கிடைக்கும். 40க்கு இது 3.3 புள்ளி. ஆக, காலியான பட்டை நிரம்ப 50 வினாடிகூட ஆகாது.

செலவு என்று பார்த்தால் ஓட்டம்தான் பெரிய ஓட்டை: வினாடிக்கு 5 புள்ளி, மூட்டை நிறைந்திருந்தால் 7. மூட்டையைக் குறையுங்கள் என்று பலரும் அறிவுரை சொல்வார்கள். குறைப்பது நல்லதுதான். ஆனால், காலியான முதுகோடு ஓடினாலும் 5 போகிறதே! ஓடாமல் இருப்பதே சிக்கனம். கேப்ஸ் லாக் கீயை ஒருமுறை அழுத்தினால் ஓட்டம் நடையாக மாறும். மீண்டும் அழுத்தினால் ஓட்டம். ஷிப்ட் கீயை அழுத்திப் பிடித்தால் அப்போதைக்கு மட்டும் மாறும். நீண்ட தூரம் போக வேண்டுமா? செய்டா நீன் ஊரின் ஓரத்தில் நிற்கும் சில்ட் ஸ்ட்ரைடர் என்னும் ராட்சதப் பூச்சியில் காசு கொடுத்து ஏறிப் பால்மோராவில் இறங்கிக்கொள்ளுங்கள்.

வீச்சுக்கும் செலவு உண்டு. ஒவ்வொரு வீச்சுக்கும் 2 புள்ளி. மவுஸை அழுத்திப் பிடித்து முழு வேகத்தில் வீசினால், ஆயுதத்தின் எடையில் கால் பங்கு கூடுதல். 20 எடையுள்ள இரும்பு நீள்வாளுக்கு 7 புள்ளி, 3 எடையுள்ள இரும்புக் குறுவாளுக்கு 2.75. இதைப் படித்துவிட்டுப் படபடவென்று கிளிக் செய்து மிச்சம் பிடிக்க நினைக்காதீர்கள். பட்டென்று தட்டும் வீச்சு குறைந்தபட்ச சேதத்தையே தரும். அழுத்திப் பிடித்து, நிதானமாக விடுங்கள்.

முதல் குகை

செய்டா நீன் அருகே அடமசார்டஸ் என்ற குகை உள்ளது. நுழைந்த சிறிது தூரத்திலேயே கடத்தல்காரர்கள் கத்தியோடு வருவார்கள். புதியவர்கள் அதிகம் சாகும் இடம் இது. ஊரிலிருந்து ஓடி வந்த வேகத்தில் கதவைத் திறப்பதுதான் காரணம். கதவுக்கு வெளியே நில்லுங்கள். எப்5 கீயை அழுத்தி விளையாட்டைச் சேமியுங்கள். பச்சைப் பட்டை நிரம்பும் வரை காத்திருங்கள். பின் எப் கீயால் ஆயுதத்தை உருவிக்கொண்டு நடந்தே உள்ளே போங்கள். எதிரி உங்களிடம் வரட்டும். நீங்கள் அவரிடம் ஓட வேண்டாம். எதிரி விலகும் திறனும் அவருடைய தெம்பைப் பொறுத்ததே. அவர் களைத்தால் உங்கள் அடி கூடுதலாகப் படும். பட்டை பாதிக்குக் கீழே இறங்கினால் ஒரு ரொட்டியைத் தின்று பார்க்கலாம். சால்ட்ரைஸ், நாய் இறைச்சி ஆகியவையும் தெம்பு தருபவை. மருந்து தயாரிக்கும் திறமை குறைவாக உள்ளவர்களுக்கு இவை சில நேரம் பலிக்காது. கடையில் கிடைக்கும் மலிவான தெம்பு மருந்து இரண்டு புட்டி கையில் இருந்தால் நிம்மதி.

எதிரி வெறுங்கையால் குத்தினால் குறைவது பச்சைப் பட்டை. அது பூஜ்யத்துக்குக் கீழே போனால் மயங்கி விழுவீர்கள். விழுந்த இடத்திலேயே அடி விழும். அப்படிப்பட்டவரிடம் கைவசம் தெம்பு இல்லாமல் சிக்காதீர்கள்.

நின்றுகொண்டிருக்கப் பொறுமை இல்லாதவர்கள் டி கீயை அழுத்தி ஒரு மணி நேரம் கழிக்கலாம். திரையில் அது நொடியில் முடிந்துவிடும், பட்டையும் நிரம்பிவிடும். ஊருக்குள் உறங்க அனுமதி இல்லை, காத்திருக்கலாம். பச்சைப் பட்டைக்கு அதுவே போதும். காட்டில் உறங்கும்போதுதான் ஒரு ஆபத்து உண்டு. இன்று விற்கப்படும் பதிப்பில் 'ட்ரைப்யூனல்' என்ற கூடுதல் பகுதியும் சேர்ந்தே வருகிறது. அதனால், நீங்கள் உறங்கும் ஏதோ ஓர் இரவில் கறுப்பு உடை அணிந்த கொலையாளி ஒருவன் எழுப்பித் தாக்குவான். தொடக்க நிலைப் பாத்திரத்தால் அவனைச் சமாளிப்பது கடினம். எனவே பால்மோரா போய்ச் சேரும் வரையாவது உறக்கத்தைத் தள்ளிப் போட்டு, நின்றே இளைப்பாறுங்கள். உறங்கியே ஆக வேண்டும் என்றால் முதலில் எப்5.