தெருப்பெயரும் எழுத்துமுறையும்

நுழையும்முன்

தெருவுக்குப் பெயர் ஒன்றாக இருக்கலாம். அதனை எழுதும் முறையோ பலவாக இருக்கிறது. பெயர்ப்பலகையில் ஒருவாறும் அஞ்சல் உறையில் வேறொருவாறும் எழுதப்படும் பெயரை மக்கள் வரைபடத்தில் எவ்வாறு பதிவது? சென்னைப் பெசன்ட் நகரைச் சான்றாகக் கொண்டு இவ்வினாவை ஆராய்கிறது இப்பாடம்.

மக்கள் வரையும் படம்

நிலப்படம் வரைதல் நெடுங்காலம் அரசின் பணியாகவே இருந்தது. இன்று பொதுமக்களும் அப்பணியில் பங்கேற்கின்றனர். 2004இல் இங்கிலாந்தில் தொடங்கப்பெற்ற ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் என்னும் திறந்தநிலை வரைபடத்தை உலகெங்கும் உள்ள தன்னார்வலர்கள் வளர்த்து வருகின்றனர். செயற்கைக்கோள் படத்தைப் பார்த்துத் தெருவின் கோட்டை வரைந்துவிடலாம். ஆனால், அதன் பெயரை வானிலிருந்து அறிய இயலாது. தெருவில் நடந்து, பலகையைப் படித்து, குடியிருப்போரிடம் கேட்டே அதனைப் பதிய வேண்டும்.

பெயரில் ஓர் எழுத்து மாறினால் என்ன குறை என்று எண்ணலாம். மனிதர் கண்ணுக்கு ஒன்றாகத் தோன்றும் இரண்டு வடிவங்கள் கணினிக்கு இரு வேறு சொற்கள். தேடுபவர் எழுதும் வடிவம் வரைபடத்தில் இல்லையெனில் தேடல் தவறக்கூடும். நோயாளியை அழைத்துச் செல்ல வரும் அவசர ஊர்திக்கு அத்தவறு சில நிமிடங்களை இழக்கச் செய்யும்.

பெசன்டா, பெசண்டா?

பிரம்மஞான சபையின் தலைவராக 1907 முதல் விளங்கியவரும், 1917இல் இந்திய தேசிய காங்கிரசின் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டவருமான அன்னி பெசன்ட் அம்மையாரின் பெயரைத் தாங்கியது பெசன்ட் நகர். இப்பெயர் ‘பெசன்ட்’ எனவும் ‘பெசண்ட்’ எனவும் எழுதப்படுகிறது.

தமிழ்ச்சொல்லுள் னகர மெய்யை அடுத்து டகரம் மயங்குவதில்லை. வண்டு, நண்டு என ணகர மெய்யை அடுத்தே டகரம் வரும். ஆகவே ‘பெசண்ட்’ என்பது மெய்ம்மயக்க விதிக்கு இயைந்தது. எனினும், வல்லின மெய் சொல்லின் இறுதியில் வாராது என்பதும் விதியே. அதனையும் பின்பற்றினால் ‘பெசண்டு’ என்றே எழுத வேண்டும். அயல்மொழிப் பெயரின் ஒலியைக் காக்க முற்பட்டால் தமிழ் மரபு நெகிழ்கிறது. மரபைக் காக்க முற்பட்டால் ஒலி மாறுகிறது. இரண்டில் ஒன்றைத் தேர்ந்து, எங்கும் அதனையே சீராகப் பின்பற்றுவதே தீர்வாகும்.

இப்பகுதியின் கடற்கரை எட்வர்ட் எலியட் என்னும் ஆங்கிலேய அதிகாரியின் பெயரால் அழைக்கப்படுகிறது. ‘எலியட்ஸ் கடற்கரை’ என்பதில் உள்ள ‘ஸ்’ ஆங்கில வேற்றுமை உருபு. பெயர்களைத் தொகையாக்கும் தமிழில் அவ்வுருபுக்குத் தேவையில்லை. ‘எலியட் கடற்கரை’ என்றாலே பொருள் நிறைவுறும். ஆயினும், மக்கள் வழக்கில் ‘எலியட்ஸ்’ வேரூன்றிவிட்டதால் அதனையும் வரைபடம் விட்டுவிடலாகாது.

திரும்பி வரும் பெயர்கள்

தமிழ்ப்பெயர் ஆங்கிலத்திற்குச் சென்று மீண்டும் தமிழுக்கு வரும்போது உருமாறுவதுண்டு. ‘அடையாறு’ என்பது ஆற்றின் பெயர். ஆங்கில எழுத்துகளைப் பார்த்து அதனைத் தமிழாக்குவோர் ‘அடையார்’ என எழுத, ஆறு மறைந்துபோகிறது. பிட்டி தியாகராயர் பெயரால் அமைந்த தியாகராய நகர், ‘டி. நகர்’ ஆனதும் இவ்வாறே. இத்தகைய இடங்களில் பெயரின் தோற்றத்தை அறிந்து எழுதுவதே முறை.

தூய தமிழ்ச்சொற்களிலும் பிழைகள் நேர்கின்றன. ‘குறுக்கு தெரு’, ‘கடற்கரை சாலை’ என்று பலகையில் இருந்தால் அவற்றை வேறு பெயர்கள் எனக் கொள்ளலாகாது. அவை வல்லினம் மிகாமல் எழுதிய பிழைகள். குறுக்குத்தெரு, கடற்கரைச் சாலை எனத் திருத்திப் பதியலாம். ‘அவென்யூ’ என்பதற்கு ஈடான ‘நிழற்சாலை’ (நிழல் + சாலை) என்பதையும் புணர்ச்சி அறிந்தே எழுத வேண்டும்.

பெயரும் உரிமையும்

பெசன்ட் நகரை ஒட்டிய மீனவர் வாழிடம் ஊரூர் குப்பம். தமிழில் ஐயத்திற்கு இடமில்லாத இப்பெயர் ஆங்கிலத்தில் பலவாறு எழுதப்படுகிறது. அருகிலுள்ள ஆல்காட் குப்பம், பிரம்மஞான சபையின் நிறுவனர்களுள் ஒருவரான ஆல்காட்டின் பெயரைத் தாங்கியது. அகன்ற சாலைகளின் பெயர்கள் வரைபடத்தில் விரைவில் இடம்பெற்றுவிடுகின்றன. குப்பத்தின் சந்துகளும், வலை உலர்த்தும் இடங்களும் பெயரின்றி விடப்பட்டால், படத்தைப் பார்ப்போர்க்கு அவை வெற்றிடமாகத் தோன்றும். அங்கு வாழ்வோரிடம் கேட்டு, அவர்கள் சொல்லும் வடிவிலேயே அவற்றைப் பதிவது வரைபடம் வரைவோர் கடமை.

பெயர்களைச் சீரமைக்க அரசும் முயன்றதுண்டு. தமிழ் ஒலிப்புக்கு ஏற்ப 1,018 ஊர்ப்பெயர்களின் ஆங்கில எழுத்துமுறையை மாற்றும் தமிழ்நாட்டு அரசின் ஆணை 2020 ஜூன் மாதம் வெளியானது. புதிய எழுத்துமுறைகள் சில உரிய ஒலிப்பைத் தரவில்லை என்ற விமர்சனம் எழவே, அதே மாதத்தில் ஆணை திரும்பப் பெறப்பட்டது. நோக்கம் நன்றாயினும், ஒலிபெயர்ப்புக்குத் தெளிவான நெறி வேண்டும் என்பதை இந்நிகழ்வு உணர்த்துகிறது.

முடிவு செய்யும் நெறி

முதலில், தெருவில் நிற்கும் பலகையைக் காண வேண்டும். பலகைகள் முரண்பட்டால் பெயரின் தோற்றத்தை ஆராய வேண்டும். அடுத்து, குடியிருப்போர் வழக்கைக் கேட்டறிய வேண்டும். தமிழ்ச்சொல்லாயின் இலக்கணமும், அயற்பெயராயின் நிலைத்த வழக்கும் முதன்மை பெற வேண்டும். தேர்ந்த வடிவத்தை முதன்மைப் பெயராகவும், ஏனையவற்றை மாற்றுப் பெயர், பழைய பெயர் என்னும் தனித்தனிப் புலங்களிலும் பதியலாம். ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் இதற்கு இடம் தருகிறது. அதனால் ‘பெசன்ட்’ எனத் தேடுவோரும் ‘பெசண்ட்’ எனத் தேடுவோரும் ஒரே இடத்தை அடைவர். வரைபடம் வரைவோர் பெயர் சூட்டுபவர் அல்லர். வழங்கும் பெயரைக் காப்பவர். அக்காப்பு, ஓர் எழுத்தைக் கவனிப்பதில் தொடங்குகிறது.

தெரியுமா?

தியாகராய நகரின் பாண்டி பஜாருக்குச் சௌந்தரபாண்டியனார் அங்காடி என்பது பெயர். இதில் ‘சௌ’ என்னும் எழுத்தைச் சிலர் ‘செ’, ‘ள’ என இரண்டு எழுத்துகளாகத் தட்டச்சு செய்கின்றனர். கண்ணுக்கு வேறுபாடு தெரியாவிடினும், கணினி இவற்றை வெவ்வேறு சொற்களாகவே கொள்ளும்.

கற்பவை கற்றபின்...

1. உங்கள் பகுதியில் உள்ள பத்துத் தெருப்பெயர்ப் பலகைகளைப் பார்த்து எழுதி, வல்லினம் மிகுமிடப் பிழைகள் இருப்பின் திருத்துக.
2. ஒரே தெருவின் பெயர் வெவ்வேறு வகையில் எழுதப்பட்டிருப்பதைக் கண்டறிந்து, எவ்வடிவம் ஏற்றது என்பதைக் காரணத்துடன் வகுப்பறையில் கலந்துரையாடுக.
3. உங்கள் தெருவின் பெயர்க்காரணத்தை மூத்தோரிடம் கேட்டு ஒரு பக்க அளவில் எழுதுக.