மோட்டார் வண்டியில் தலை மழுங்கிய போல்ட்டைக் கழற்றும் முறை

நிலமுடையோர் வீடுகளில் இக்காலத்தில் பம்புசெட்டோடு காரோ, ஜீப்போ, டிராக்டரோ ஒன்றும் சேர்ந்தே இருந்து வருகிறது. களத்துமேட்டில் வெயிலிலும் மழையிலும் நிற்கும் இவ்வண்டிகளைப் பழுது பார்க்கும்பொழுது, பெரிய உறுப்புக்களைவிட அதிகத் தொல்லை தருவது தலை மழுங்கிய ஒரு போல்ட்டேயாகும். போல்ட்டின் விலை அற்பமே. ஆனால் அவசரத்தில் அதை ஒடித்துவிட்டால், அது பதிந்திருக்கும் வார்ப்புப் பாகமே கெட்டு, வண்டி பட்டறையில் நாட்கணக்காக நிற்க நேரிடும். நடவுக்கு நாற்றுப் பறித்து வைத்த நாளில் இவ்விதம் நேர்ந்தால், நஷ்டம் போல்ட்டோடு நிற்பதில்லை. ஆகவே இத்தகைய போல்ட்டைச் சேதமின்றி எடுக்கும் முறையை ஒவ்வொருவரும் அறிந்திருத்தல் நலம்.

தலை மழுங்குவதன் காரணம்

சாதாரணப் போல்ட்டின் தலை ஆறு பட்டைகளும் ஆறு முனைகளும் உடையது. ஸ்பானர் சரியான அளவாயிருந்தால் அதன் விசை பட்டைகளில் பரவி நிற்கும். சிறிது தளர்வாயிருந்தாலும் விசை முழுவதும் முனைகளில் விழுந்து, அவற்றைச் சீவிவிடும். அங்குல அளவு ஸ்பானர்களையும் மில்லிமீட்டர் அளவு ஸ்பானர்களையும் கலந்து வைத்துக் கொள்வதால் இத்தவறு அடிக்கடி உண்டாகிறது. 17 மி.மீ. போல்ட்டின்மேல் 11/16 அங்குல ஸ்பானர் உட்காரும். ஆனால் அதன் வாய் ஏறக்குறைய 17.5 மி.மீ. ஆகையால் வலுவாக இழுத்தவுடன் நழுவும். 19 மி.மீ. போல்ட்டுக்கு 3/4 அங்குல ஸ்பானர் பொருந்துவதைக் கண்டு, மற்ற அளவுகளும் அவ்வாறே பொருந்துமென்று எண்ணுதல் கூடாது. பன்னிரண்டு முனை ரிங் ஸ்பானர் போல்ட்டின் முனைக்கு அருகில் மட்டும் பிடிப்பது. இறுகிய போல்ட்டுக்கு ஆறு முனை ஸாக்கெட்டே ஏற்றது.

இறுகிப்போவதன் காரணம்

இரும்பு துருவாக மாறும்பொழுது முன்னிலும் அதிக இடத்தை அடைத்துக்கொள்கிறது. ஆதலால் மரைகளின் இடுக்கில் துரு ஏறினால், ஆப்பு அடித்ததுபோல் போல்ட்டு இறுகிவிடும். புகைக்குழாயைச் சேர்ந்த போல்ட்டுகள் சூட்டினாலும் ஈரத்தினாலும் மிக விரைவில் துருவேறுகின்றன. அலுமினியப் பாகத்தில் எஃகுப் போல்ட்டு பூட்டப்பட்டிருந்தால், ஈரம் பட்டபொழுது இரண்டு உலோகங்களுக்குமிடையே அரிப்பு உண்டாகி வெண்பூச்சு படர்ந்து பிடித்துக்கொள்ளும்.

வேலைக்கு முன் கவனிக்க வேண்டியவை

வண்டியை ஜாக்கியின்மேல் மட்டும் நிறுத்தி அடியில் புகுதல் உயிருக்கு அபாயம். உறுதியான ஸ்டாண்டுகளின்மேல் நிறுத்தி, தரையிலிருக்கும் சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்தல் வேண்டும். கண்களுக்குக் கண்ணாடி அணிதல் அவசியம். ஸ்பானரைத் தள்ளாமல் தன்னை நோக்கி இழுத்தால், நழுவும்பொழுது விரல்கள் அடிபடா.

போல்ட்டு எத்திசையில் கழலும் என்பதையும் முன்னரே தெரிந்துகொள்ள வேண்டும். பெரும்பாலானவை இடஞ்சுழியாகக் கழல்பவை. எனினும் பழைய வில்லிஸ் ஜீப்பின் இடப்பக்கச் சக்கர நட்டுகளைப் போன்ற சில, எதிர்மரை உடையவை. இதையறியாதவர் கழற்றுவதாக எண்ணி மேலும் இறுக்கிவிடுவர்.

கழற்றும் படிகள்

ஒவ்வொரு முயற்சியும் தலையில் மிஞ்சியுள்ள உலோகத்தில் சிறிதைத் தின்றுவிடுவது. ஆகையால் தலையைக் கெடுக்காத உபாயத்தை முதலிலும், கெடுக்கும் உபாயத்தைக் கடைசியிலும் கைக்கொள்ள வேண்டும். இவ்வரிசையை மாற்றுவதே பெரும்பாலான சேதங்களுக்குக் காரணம்.

1. கம்பிப் பிரஷினால் துருவையும் சேற்றையும் நீக்கி, துருவிளக்கும் எண்ணெயை மரையில் இறங்கும்படி விடவேண்டும். அது கிடைக்காவிடில் மண்ணெண்ணெயும் உதவும். சில மணி நேரத்திற்கொருமுறை எண்ணெய் விட்டு, ஓர் இரவு ஊறவைத்தல் உத்தமம். இடையிடையே போல்ட்டின் தலைமேல் நேராகச் சுத்தியலால் அளவாகத் தட்டினால், துரு வெடித்து எண்ணெய் உட்புகும்.

2. மழுங்கிய தலைக்குச் சற்றுச் சிறிய ஆறு முனை ஸாக்கெட்டை அதன்மேல் அடித்து ஏற்றுதல் அடுத்த படி. 13 மி.மீ. தலை மழுங்கியிருந்தால், 12.7 மி.மீ. வாயுடைய 1/2 அங்குல ஸாக்கெட்டு இதற்கு நன்கு உதவும். முதலில் இறுக்கும் திசையில் ஒரு மயிரிழை திருப்பிப் பின்னர் கழற்றும் திசையில் இழுத்தால், துருவின் பிடி எளிதில் விடும்.

3. அதற்கும் அசையாவிடில், எதிரெதிரான இரண்டு பட்டைகளை அரத்தினால் சமமாக ராவி, அடுத்த சிறிய அளவு ஸ்பானருக்குப் பொருந்தச் செய்யலாம். பூட்டுப் பிளையரை அப்பட்டைகளில் கவ்வ வைத்தும் திருப்பலாம். இடம் குறுகியிருந்தால், தலையின் ஓரத்தில் உளியை வைத்துக் கழலும் திசையில் தட்டுவதும் உண்டு.

4. சூடேற்றுதல் வலிய உபாயம். சூடு 100 பாகை சென்டிகிரேடு ஏறினால், 1 மீட்டர் நீளமுள்ள எஃகு சுமார் 1.2 மி.மீ. நீளும், அலுமினியம் சுமார் 2.3 மி.மீ. நீளும். ஆகையால் போல்ட்டைவிட அதைச் சூழ்ந்த பாகத்தைச் சூடாக்கினால், துளை அகன்று பிடி தளரும். அலுமினியம் 660 பாகையில் உருகும். இரும்பைப்போல் முன்னதாகச் சிவந்து எச்சரிக்காது. டீசல், பெட்ரோல் டாங்கி, எரிபொருட் குழாய், பிரேக் ஹோஸ் ஆகியவற்றின் அருகில் சுவாலையைக் கொண்டு செல்லவே கூடாது. முன்பு விட்ட எண்ணெயைத் துடைத்துவிட வேண்டும். குளோரின் கலந்த பிரேக் கிளீனர் பட்ட இடத்தைச் சூடாக்கினால் கொடிய விஷவாயு உண்டாகும்.

5. தலை முழுதும் உருண்டுவிட்டால், அதன்மேல் ஒரு நட்டை வைத்து, நட்டின் உட்புறத்தில் பற்றவைத்து, அந்த நட்டைப் பிடித்துத் திருப்பலாம். புதிய பிடியும், மரைக்கு வேண்டிய சூடும் ஒருங்கே கிடைப்பதால் இது சிறந்த முறை. இதைப் பற்றவைப்பில் பழகியவரே செய்தல் வேண்டும். பாட்டரியின் இணைப்பை முன்னதாகக் கழற்றி, எர்த் கிளாம்பை வேலை செய்யுமிடத்திற்கு அருகிலேயே மாட்ட வேண்டும்.

6. கடைசி உபாயம் துளையிடுதல். தலையின் நடுமையத்தில் புள்ளிக்குத்தி, முதலில் சிறிய துளையும், பின்னர் போல்ட்டின் தண்டளவுத் துளையும் தலையில் மட்டும் இட்டால், தலை தனியே விழுந்துவிடும். 8 மி.மீ. போல்ட்டுக்கு 8 மி.மீ. துளைக்கருவி வேண்டும். தலை போனவுடன் இழுவிசை நீங்குவதால், மேற்பாகத்தை எடுத்த பின் நீண்டு நிற்கும் தண்டைப் பிளையரால் பிடித்துத் திருப்பக்கூடும். தண்டு துளைக்குள்ளேயே ஒடிந்திருந்தால், இடஞ்சுழித் துளைக்கருவி சிலவேளை அதைத் தானே சுழற்றிக் கொணரும். உடைந்த தண்டை எடுக்கும் திருகு ஆணியை மிகைப்பட முறுக்கலாகாது. அது கடினமான எஃகாதலால் உள்ளே ஒடிந்தால் சாதாரணத் துளைக்கருவி அதில் ஏறாது.

நிறுத்த வேண்டிய சமயம்

இறுகிய போல்ட்டு விடும்பொழுது “டக்” என்ற ஓசை கேட்கும். அவ்வோசையின்றி ஸ்பானர் மட்டும் திரும்பி, போல்ட்டு மெழுகுபோல் குழைவதாகக் கைக்குத் தோன்றினால், தண்டு முறுகி ஒடியப் போகிறது என்பது குறிப்பு. உடனே நிறுத்தி மீண்டும் எண்ணெயோ சூடோ கொடுக்க வேண்டும். சிறிது அசைந்த போல்ட்டையும் ஒரே மூச்சில் கழற்றாமல், கால் சுற்று வெளியே, அரைக்கால் சுற்று உள்ளே என முன்பின்னாகத் திருப்பி எண்ணெய் விட்டு எடுத்தால் மரை கெடாது.

மீண்டும் பூட்டும்பொழுது

மழுங்கிய போல்ட்டைத் திரும்பவும் பூட்டுதல் அதே தொல்லையை விலைகொடுத்து வாங்குவதாகும். அதே நீளமும், அதே மரையும், தலையில் அதே எண்ணும் உள்ள புதுப் போல்ட்டையே இடவேண்டும். தலையில் 8.8 என்றிருந்தால், அது சதுர மில்லிமீட்டருக்கு 800 நியூட்டன் அளவு இழுவலிமை உடையது; 10.9 என்பது அதனினும் வலியது. வலிய போல்ட்டு இருந்த இடத்தில் எளியதை இடுவது அபாயம். புகைக்குழாய்ப் போல்ட்டின் மரையில் சூடு தாங்கும் செம்புப் பசையைத் தடவினால், அடுத்த முறை எளிதில் கழலும். பசை தடவிய போல்ட்டு உலர்ந்ததைவிட எளிதில் மிகையாக இறுகுமாகையால், முறுக்கைக் குறைத்தல் வேண்டும். சக்கரப் போல்ட்டுகளுக்கு வண்டித் தயாரிப்பாளர் கூறினாலன்றிப் பசையோ எண்ணெயோ தடவலாகாது.

ஆறு முனை ஸாக்கெட் தொகுதி ஒன்றை ஒவ்வொரு வீட்டிலும் வாங்கி வைத்தல் எளிதன்று. கிராம நிர்வாகிகளும் கூட்டுறவுச் சங்கத்தாரும் முன்னின்று, ஊருக்குப் பொதுவாக மில்லிமீட்டர் அளவில் ஒன்றும் அங்குல அளவில் ஒன்றும் வாங்கி, தனித்தனிப் பெட்டிகளில் வைத்துக் கணக்கெழுதி வழங்கினால் பலருக்கும் பயன்படும். அறுவடைக் காலம் வருமுன்னரே வண்டியின் போல்ட்டுகளை ஒருமுறை தளர்த்திப் பார்த்து வைக்கும் விவசாயிக்கு, வேலை நெருக்கும் நாளில் அவற்றோடு போராட வேண்டிய அவசியம் அரிதாகவே நேரும். எண்ணெயூற்றி ஓர் இரவு பொறுத்திருப்பவர், பட்டறையில் பல நாட்கள் காத்திருப்பதைத் தவிர்ப்பவராவர்.