காதைத் தீட்டிக்கொண்டு கிட்டாரைத் தொடு

கிட்டார் வாங்கி ஏழெட்டு கார்ட் பழகிய கையோடு, "ஒரு ப்ளூஸ் பாட்டு வாசிக்கணும் சார், எதையும் பார்க்காம காதாலயே பிடிக்கணும்" என்று வரும் தம்பி தங்கைகளுக்காக இதை எழுதுகிறேன். ஆசை சரியான ஆசைதான். மிசிசிப்பி டெல்டாவின் பருத்திக் காடுகளில் இந்த இசையை வளர்த்தவர்களில் பலருக்கு நொட்டேஷன் வாசிக்கத் தெரியாது. பக்கத்தில் வாசிப்பவன் கையைப் பார்த்துக் கற்றார்கள். இசைத்தட்டு வந்த பிறகு அதைக் கேட்டுக் கற்றார்கள். ராபர்ட் ஜான்சனோடு ஊர் ஊராகச் சுற்றிய ஜானி ஷைன்ஸ் ஒரு விஷயம் சொல்லியிருக்கிறார்: ரேடியோ ஒரு பக்கம் பாடும், ஜான்சன் யாருடனோ பேசிக்கொண்டிருப்பார், கவனித்த மாதிரியே தெரியாது, பிறகு அந்தப் பாட்டை அப்படியே வாசித்துக் காட்டுவார். அந்தக் காது எல்லோருக்கும் வாய்க்காது. மற்றவர்களுக்கு ஒரு வரிசை வேண்டும். நான் சொல்லிக்கொடுக்கும் வரிசை இது.

1. பாட்டைத் தேர்ந்தெடுப்பதிலேயே பாதி வேலை முடியும், அல்லது கெடும். புதிதாக வருகிறவர்கள் நேராக ராபர்ட் ஜான்சனிடம் போய் நிற்கிறார்கள். 1936இல் சான் அன்டோனியோவிலும் 1937இல் டாலஸிலும் அவர் பதிவுசெய்த 29 பாட்டுகளில் பேஸையும் மேல் கம்பிகளையும் ஒரே கையால் ஓட்டுகிறார். முதல்முறை அதைக் கேட்ட ராக் கிட்டார்காரர் கீத் ரிச்சர்ட்ஸ், கூட வாசிக்கும் இன்னொருவர் யார் என்று கேட்டாராம். அவருக்கே அந்தக் கதி. ஜான் லீ ஹூக்கரும் இப்போதைக்கு வேண்டாம். தனியாக வாசிக்கும்போது அவர் தோன்றிய இடத்தில் கார்டை மாற்றுவார், உன் கணக்கு உதைக்கும். ஜிம்மி ரீடிடம் போ. மிசிசிப்பியில் பிறந்து சிகாகோ போனவர். கழுத்தில் மாட்டிய ஸ்டாண்டில் மவுத் ஆர்கன், கையில் கிட்டார், அவசரமே இல்லாத குரல். 1961இல் வந்த அவருடைய 'பிரைட் லைட்ஸ், பிக் சிட்டி'யை எடுத்துக்கொள். இனி நான் பாட்டு என்று சொன்னால் அதுதான்.

2. கிட்டார் உறையிலேயே இருக்கட்டும். ஃபோன் ஸ்பீக்கரில் கேட்காதே; அதில் பேஸ் காதில் விழாது, உனக்கு வேண்டியதே பேஸ்தான். ஒரு நல்ல இயர்ஃபோன் போட்டுக்கொள். முதலில் குரலை மட்டும் கேள். அடுத்த முறை ட்ரம்ஸ் மட்டும். பிறகு பேஸ் மட்டும். கடைசியாகத்தான் கிட்டார். இப்படித் தனித்தனியாகக் கேட்கும்போது, ரீடின் குரலுக்குப் பின்னால் ஒரு பெண் குரலும் வருவது தெரியும். அவர் மனைவி மாமா ரீட். அடுத்த வரி ரீடுக்கு மறந்துபோகும் என்பதால் பக்கத்தில் உட்கார்ந்து எடுத்துக்கொடுப்பார் என்பார்கள். அந்தக் குரல் காதில் விழுந்துவிட்டதென்றால் நீ கேட்கத் தொடங்கிவிட்டாய் என்று அர்த்தம்.

3. பாடு. வெட்கப்படாதே. வாயில் வராதது விரலில் வராது. பாடும்போது பாட்டின் கட்டுமானமும் பிடிபடும்: ஒரு வரி, அதே வரி மறுபடி, பிறகு பதில் போல ஒரு வேறு வரி. பெரும்பாலான ப்ளூஸ் இப்படித்தான். ஒவ்வொரு வரிக்கும் நாலு பார் இடம் உண்டு. குரல் ஏறக்குறைய முதல் பாதியில் முடிந்துவிடும், மிச்சத்தில் கருவி பேசும். இதில் ஒரு வசதி இருக்கிறது. இரண்டாம் முறை அதே சொற்கள் வரும்போது, குரல் அவ்வளவாக மாறாது, ஆனால் அடியில் இருக்கும் தரை நகர்ந்துவிடும். கார்ட் மாற்றத்தைக் காதால் முதன்முதலாகப் பிடிக்க அதைவிட நல்ல இடம் கிடையாது. அந்த இடத்துக்குத் திரும்பத் திரும்பப் போ.

4. இப்போது தாளம். மேற்கத்திய சங்கதிக்கு ஆதி தாளம் எதற்கு என்று கேட்பாய். கையில் ஏற்கெனவே இருப்பதை ஏன் விட வேண்டும்? ஒரு சுற்றுக்கு 12 பார், பாருக்கு 4 பீட், மொத்தம் 48. ஆதி தாளத்தில் சரியாக ஆறு ஆவர்த்தனம். தொடையில் தட்டிக்கொண்டே கேள்.

முதல் இரண்டு ஆவர்த்தனமும் பாட்டு ச-வில், அதாவது ச-வை அடியாகக் கொண்ட கார்டில், நிற்கும். மூன்றாவது ஆவர்த்தனத்தின் சமத்தில் ம-வுக்குப் போகும். நான்காவதின் சமத்தில் ச-வுக்குத் திரும்பும். ஐந்தாவதின் சமத்தில் ப. அதே ஆவர்த்தனத்தில் லகு முடிந்து முதல் த்ருதம் விழும்போது ம. ஆறாவதின் சமத்தில் மறுபடி ச. பல பாட்டுகளில் ஆறாவதின் த்ருதத்தில் ஒரு ப வந்து அடுத்த சுற்றுக்குள் தள்ளிவிடும். அதற்கு டர்ன்அரவுண்ட் என்று பெயர்.

ஆக, பெரிய மாற்றங்கள் எல்லாம் சமத்தில். நடுவில் வருவது த்ருதத்தில். சில பாட்டுகளில் முதல் ஆவர்த்தனத்தின் த்ருதத்திலேயே ம ஒருமுறை எட்டிப்பார்த்துவிட்டுப் போகும். அது க்விக் சேஞ்ச். நம் பாட்டில் அது இருக்கிறதா இல்லையா என்று நான் சொல்லப்போவதில்லை.

ஒரு எச்சரிக்கை. குரல் சமத்தில்தான் எடுக்கும் என்று நம்பாதே. கொஞ்சம் முன்னே, கொஞ்சம் பின்னே நுழையும். முகப்பு வாசிப்பு முழுச் சுற்றாக இல்லாமல் சுற்றின் வாலாக மட்டும் இருப்பதும் சகஜம். குழம்பினால் பேஸைப் பிடித்துக்கொள். நிமிடத்துக்கு 120 பீட் ஓடும் பாட்டில் ஒரு சுற்று 24 விநாடி; மூன்று நிமிடத்தில் ஏழு முறை அதே பாதை. தவறவிட்டதைப் பிடிக்க ரீவைண்ட் செய்யக்கூட வேண்டாம், அடுத்த சுற்று வந்துகொண்டே இருக்கிறது.

5. ச எங்கே என்று கண்டுபிடி. பாட்டு எந்த ஸ்வரத்தில் வந்து உட்காருகிறதோ அதை முனகிக்கொண்டே உறையிலிருந்து கிட்டாரை எடு. 6ஆவது கம்பியில், அதாவது தடித்த கம்பியில், ஓப்பனிலிருந்து ஒவ்வொரு ஃப்ரெட்டாக ஏறு. மொத்தமே 12 ஸ்வரஸ்தானம். அதில் ஒன்று முனகலோடு ஒட்டிக்கொள்ளும். பக்கத்து ஃப்ரெட் இரண்டையும் தொட்டுப்பார், உறுத்தும். தம்புராவோடு சேர்ந்து பாடிப் பழகியவர்களுக்கு இது ஒரு நிமிட வேலை. மற்றவர்களுக்கு ஒரு சாயங்காலம் ஆகலாம், ஆகட்டும்.

6. எந்த ஃப்ரெட்டிலும் ஒட்டாமல் இரண்டுக்கும் நடுவே விழுகிறதா? உன் காதைச் சந்தேகப்படாதே. பழைய பதிவுகள் எல்லாம் நம் ட்யூனரின் கணக்குக்குக் கட்டுப்பட்டவை இல்லை. கருவியின் சுருதி வேறாக இருந்திருக்கும், தட்டு வெட்டிய வேகம் கூடியோ குறைந்தோ இருந்திருக்கும். ட்யூனரை ஓரமாக வைத்துவிட்டு கிட்டாரைப் பாட்டோடு சேர்.

7. ச கிடைத்துவிட்டால் மற்ற இரண்டையும் தேட வேண்டாம். 6ஆவது கம்பியில் ச எந்த ஃப்ரெட்டோ, 5ஆவது கம்பியில் அதே ஃப்ரெட் ம. அங்கிருந்து இரண்டு ஃப்ரெட் மேலே ப. கார்ட் பிடிக்காமல் இந்த மூன்று ஒற்றை ஸ்வரங்களை மட்டும், பாருக்கு ஒரு அடியாக, பாட்டின் கூடவே முழுச் சுற்றும் வாசி. எளிதாகத் தெரிவதால் எல்லோரும் தாண்டிப் போகும் படி இதுதான். தாண்டுகிறவர்கள் ஆறு மாதம் கழித்தும் கூட வாசிப்பவன் முகத்தைப் பார்த்தே கார்ட் மாற்றுகிறார்கள்.

8. அடுத்து ஷஃபிள். ஜிம்மி ரீடின் பாட்டுகளில் கிட்டார் ஓயாமல் உருட்டிக்கொண்டே போகிறதே, அதுதான். ரீடுக்குக் கிட்டார் சொல்லிக்கொடுத்த நண்பர் எட்டி டெய்லர் அவருடைய பல பதிவுகளில் கூடவே வாசித்திருக்கிறார். அந்த உருட்டலில் அவர் பங்கு பெரியது. நடை திஸ்ரம். ஒவ்வொரு பீட்டையும் 'தகிட' என்று சொல்லிக்கொண்டு த-விலும் ட-விலும் மட்டும் அடி; கி-யை மனதுக்குள் விழுங்கு. முதல் அடி நீளம், இரண்டாவது குட்டை.

ச உனக்கு ஏ-யில் கிடைத்திருந்தால் அதிர்ஷ்டம்: ஏ, டி, ஈ மூன்றுமே ஓப்பன் கம்பிகள். ஏ-க்கு 5ஆவது கம்பியை ஓப்பனாக விட்டு, 4ஆவது கம்பியின் 2ஆவது ஃப்ரெட்டில் ஆள்காட்டி விரலை வை. இரண்டு கம்பியையும் சேர்த்து இரண்டு அடி. ஆள்காட்டியை எடுக்காமலே அதே கம்பியின் 4ஆவது ஃப்ரெட்டில் மோதிர விரலைப் போட்டு இரண்டு அடி. மோதிர விரலைத் தூக்கு, போடு. ஒரு பாருக்கு எட்டு அடி, எல்லாம் மேலிருந்து கீழே. டி-க்கு இதையே அப்படியே 4, 3ஆவது கம்பிகளுக்கும், ஈ-க்கு 6, 5ஆவது கம்பிகளுக்கும் மாற்று. வலது உள்ளங்கையின் அடிப்பாகம் பிரிட்ஜ் அருகே கம்பிகள்மேல் லேசாகப் படிந்திருக்கட்டும். படியாவிட்டால் பக்கத்துக் கம்பிகளும் சேர்ந்து அலறும். அழுத்திவிட்டால் கட்டையைத் தட்டுகிற சத்தம் வரும். இரண்டுக்கும் இடையில் ஒரு தடித்த, மூடின ஒலி இருக்கிறது. அது வரும்வரை ஏ-யை விட்டு நகராதே.

ச வேறு இடத்தில் இருந்தால் கேப்போ போட்டுக்கொள். யாரும் குறை சொல்ல மாட்டார்கள்.

9. பாட்டை வேகம் குறைத்துக் கேட்கலாமா? அந்தக் காலத்தில் எல்பி தட்டை 16 வேகத்தில் ஓடவிட்டுக் கற்றவர்கள் உண்டு. 33இல் ஓட வேண்டியது பாதி வேகமாகி, சுருதியும் ஒரு ஸ்தாயி இறங்கிவிடும். இப்போது ஃபோனில் சுருதி மாறாமலே முக்கால் வேகம் கிடைக்கிறது. லீட் வாசிப்பில் ஒரு சிக்கலான இடத்துக்கு அதைப் பயன்படுத்து. ஷஃபிளுக்கு வேண்டாம், நடை வேகத்தோடு ஒட்டியது, மெதுவாக்கினால் வேறொன்றாகிவிடும்.

10. லீட் மேல் ஆசை இருக்கும், தெரியும். சுத்த தன்யாசி பாடியிருக்கிறாயா? அதன் ஐந்து ஸ்வரங்களும்தான் ப்ளூஸ் கிட்டார்காரர்கள் முதலில் பழகும் மைனர் பென்டடானிக். ஏ-யில் என்றால் 5ஆவது ஃப்ரெட்டில் கையை வைத்தால் கைக்குள்ளேயே இருக்கும். ஆனால் ராகமாக வாசித்தால் ப்ளூஸ் வராது. அடியில் ஓடும் ஏ7 கார்டில் அந்தர காந்தாரம் இருக்கிறது. மேலே நீ வாசிப்பது சாதாரண காந்தாரம். நம் கச்சேரியில் இப்படி மோதினால் எழுந்து போய்விடுவார்கள். இங்கே அந்த மோதல்தான் ருசி. 3ஆவது கம்பியின் 5ஆவது ஃப்ரெட்டைத் தட்டி, ஆள்காட்டி விரலால் கம்பியைத் தரைப்பக்கமாக ஒரு மயிரிழை இழு. அடுத்த ஃப்ரெட்டின் ஸ்வரத்தைத் தொட்டுவிடக் கூடாது; இரண்டு காந்தாரத்துக்கும் நடுவில் நிறுத்து. கமகம் கேட்டு வளர்ந்த காது இதைச் சட்டென்று பிடிக்கும், விரல்தான் பிந்தும்.

மவுத் ஆர்கன் வரும் இடத்தை உன் லீட்டாக எடுத்துக்கொள். அது வாசிப்பதையே கிட்டாரில் தேடு; ஒரு வரி போதும். குரல் முடிந்து கருவி பேசும் இடத்தில் அந்த ஒரு வரியை வை. குரல் மேல் ஏறி வாசிக்காதே.

11. டேப், அதாவது எந்தக் கம்பியில் எந்த ஃப்ரெட் என்று எழுதிவைத்த தாள், பார்க்காதே. முழுப் பாட்டும் கைக்கு வந்த பிறகு பார்த்துக்கொள். அதுவும் எவனோ ஒருவன் காதால் கேட்டு எழுதியதுதான். நீ சரியாகவும் அவன் தப்பாகவும் இருக்கும் இடங்கள் வரும்.

12. அடுத்த பாட்டு உடனே வேண்டாம். இதே பாட்டை இன்னொரு ச-விலிருந்து வாசி. ஏ-யில் வாசித்ததை ஈ-க்குக் கொண்டுபோ. அங்கே ப என்பது பி. அதற்கு ஷஃபிள் போட 2, 4, 6 என்று மூன்று ஃப்ரெட்டுக்கு விரல் விரிய வேண்டும், சுண்டு விரல் எட்டாது. எட்டும்வரை அந்த ஒரு பாருக்குச் சாதாரண பி7 கார்டைப் பிடித்துக்கொள். தாளத்தை விட்டுவிடாதே.

13. பிறகு நாலு பேரோடு உட்கார்ந்து வாசி. அங்கே யாரும் பாட்டை விளக்கிக்கொண்டிருக்க மாட்டார்கள். "ஏ-யில் ஷஃபிள், க்விக் சேஞ்ச், ஃப்ரம் த ஃபைவ்" என்று ஒருவர் சொல்லிவிட்டுக் காலைத் தட்டத் தொடங்குவார். ஃப்ரம் த ஃபைவ் என்றால் சுற்றின் தொடக்கத்திலிருந்து இல்லை, ப-விலிருந்து எடுக்க வேண்டும்: 9ஆவது பார், உன் கணக்கில் ஐந்தாவது ஆவர்த்தனம். நாலு பார் வாசித்ததும் பாடகர் உள்ளே வருவார்.